தனி நிறுவனப் பங்கை நாமே அலசிப் பார்க்க எந்தத் தளங்கள் உதவும்?

பொள்ளாச்சி_மணி | ஞாயிறு, காலை 10:12

வணக்கம். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். ஐந்து வருடமாக மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போகிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. போன வருடம் உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு சின்ன நிறுவனத்தின் பங்கை 1,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். இன்றைய மதிப்பு 94,000. பணம் குறைந்தது ஒரு பக்கம். அந்த நிறுவனம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று மனைவி கேட்டபோது ஒரு வரி கூடச் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பங்கின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விற்கவா வைத்திருக்கவா என்றும் கேட்கவில்லை. நானே படித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். காசு கட்டாமல் பார்க்கக்கூடிய தளங்கள் எவை, எதில் தொடங்குவது, எந்த இடத்தை உற்றுப் பார்ப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் போதும். நேரம் இருக்கிறது, படிக்கத் தயார்.

இண்டெக்ஸ்_போதும் | ஞாயிறு, காலை 10:40

சார், எஸ்ஐபியை நிறுத்திவிடாதீர்கள். தனிப் பங்குக்கு மொத்த சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு படிக்க உட்காருங்கள்.

நிலா_சென்னை | ஞாயிறு, காலை 11:25

ஸ்க்ரீனர் என்ற தளத்தில் தொடங்குங்கள் சார். இலவசம். நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் ஒரே பக்கத்தில் பத்து வருடக் கணக்கு வந்துவிடும். இதே போல டிக்கர்டேப், ட்ரெண்ட்லைன், மணிகண்ட்ரோல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பச்சை சிவப்பு மதிப்பெண்கள் கண்ணை இழுக்கும். ஸ்க்ரீனரில் எண்கள்தான் அதிகம். கணக்கு வாத்தியாருக்கு அதுதான் வசதி.

பக்கத்தைத் திறந்ததும் மேலே நிறை, குறை என்று தானாக எழுதிக் காட்டும் பெட்டியைத் தாண்டிப் போய்விடுங்கள். அதை ஒரு நிரல் எழுதுகிறது, நிறுவனத்தைத் தெரிந்த ஆள் எழுதுவதில்லை. அடுத்து, தனி நிறுவனக் கணக்கா, துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொள்ள அங்கேயே ஒரு சுட்டி இருக்கும். துணை நிறுவனத்தில் கடனை வைத்துவிட்டுத் தாய் நிறுவனக் கணக்கைச் சுத்தமாகக் காட்டுவது உண்டு. அதனால் சேர்த்த கணக்கு இருந்தால் அதையே எடுங்கள்.

நான் எந்தப் பங்குக்கும் முதலில் செய்வது ஒரே ஒரு கூட்டல். லாப நட்டக் கணக்கில் பத்து வருட நிகர லாபத்தைக் கூட்டுவேன். கீழே பணவரத்து அட்டவணையில் தொழிலிலிருந்து வந்த பணம் என்ற வரியையும் அதே பத்து வருடத்துக்குக் கூட்டுவேன். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். லாபம் நூறு, கைக்கு வந்தது எழுபது எண்பது என்றால் பேசலாம். லாபம் நூறு, வந்தது இருபது என்றால் மீதி எங்கே என்று தேட வேண்டும். வாடிக்கையாளரிடம் பாக்கியாக நிற்கும், அல்லது கிடங்கில் சரக்காக நிற்கும், அல்லது அந்த லாபமே காகிதத்தில்தான் இருக்கும். (வங்கி, நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது.)

அடுத்தது விகிதங்கள் பகுதியில் பாக்கி வசூலாக எத்தனை நாள் என்ற வரி. அது வருடா வருடம் ஏறினால் நல்ல சகுனம் இல்லை.

கணக்கு உருவாக்கி உள்ளே போனால் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இன்று மாலைக்குள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

சார்ட்_செல்வம் | ஞாயிறு, மதியம் 12:05

இவ்வளவும் எதற்கு? ட்ரேடிங்வியூ தளத்தில் தினசரி விலை சார்ட்டைத் திறந்து, விலை கடந்த 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்தால் விலகிவிடலாம். கணக்கில் இருப்பது சார்ட்டில் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நிலா_சென்னை | ஞாயிறு, மதியம் 12:18

பெரிய பங்குகளுக்கு அது ஓரளவு சரி அண்ணா. தினமும் சில ஆயிரம் பங்குகள் மட்டும் கைமாறும் சின்ன நிறுவனத்தில் நாலு பேர் சேர்ந்தால் சார்ட்டை வரைந்துவிடலாம். அவர் வைத்திருப்பது சின்ன நிறுவனம். அதோடு, அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

தணிக்கைக்காரர் | ஞாயிறு, மாலை 4:50

கோவையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம். வாத்தியாரின் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நிலா சொன்ன தளம் அருமையானது. ஆனால் அங்கே இருப்பதெல்லாம் வேறு இடத்திலிருந்து வந்தது. மூலம் இருப்பது மூன்று இடத்தில்: பங்குச் சந்தையின் தளம், ஆண்டறிக்கை, கடனைத் திருப்பிக் கட்டும் திறனை மதிப்பிடும் ரேட்டிங் நிறுவனத்தின் அறிக்கை. மூன்றும் இலவசம். இவற்றை வாசிக்காமல் மற்ற எதையும் வாசித்துப் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. ரிலையன்ஸ் என்றால் 500325, இன்ஃபோசிஸ் என்றால் 500209. அதைத் தட்டி கார்ப்பரேட் அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போங்கள். என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தளத்திலும் இதே பகுதி உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதிப்படி நிறுவனம் எதைச் சொல்ல வேண்டுமோ அதெல்லாம் முதலில் அங்கேதான் வந்து விழும். காலாண்டு முடிவு, காலாண்டு முடிந்து 45 நாளுக்குள். முழு ஆண்டு முடிவு 60 நாளுக்குள். யார் எத்தனை பங்கு வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் 21 நாளுக்குள். இயக்குநர் குழு எடுத்த முடிவு, கூட்டம் முடிந்து அரை மணி நேரத்துக்குள். (சந்தை நேரம் முடிந்தபின் கூட்டம் முடிந்தால் கூடுதல் அவகாசம் இருக்கிறது.) முதலீட்டாளர்களோடு தொலைபேசியில் நடத்திய கூட்டத்தின் (கான்கால்) எழுத்து வடிவம் 5 வேலை நாளுக்குள்.

கடந்த மூன்று வருட அறிவிப்புகளின் தலைப்புகளை மட்டும் ஒரே மூச்சில் கீழிருந்து மேலே படியுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அப்படிப் படிக்கும்போது சில சொற்கள் கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். தணிக்கையாளர் விலகல், நிதி அதிகாரி விலகல், சுயேச்சை இயக்குநர் விலகல், அறிவிப்புக்குத் திருத்தம், முடிவு வெளியிடத் தாமதம். 2018 மே கடைசியில் மன்பசந்த் பிவரேஜஸ் என்ற மாம்பழச் சாறு நிறுவனத்தின் தணிக்கையாளரான டெலாய்ட், ஆண்டு முடிவு வெளிவர சில நாள் இருக்கும்போது விலகியது. கேட்ட விவரங்கள் கிடைக்கவில்லை என்பது காரணம். பங்கு தொடர்ந்து லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் அனுமதித்த அதிகபட்ச இறக்கம்) விழுந்தது, விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆள் இல்லை. அடுத்த வருடம் ஜிஎஸ்டி வழக்கில் அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். முடிவு வருவதற்கு முன் தணிக்கையாளர் விலகினால் அது சாதாரணச் செய்தி கிடையாது.

அப்புறம் ஆண்டறிக்கை. இருநூறு முந்நூறு பக்கம் என்று பயப்பட வேண்டாம். முன்பக்கம் சேர்மன் கடிதம், வண்ணப் படங்கள், சூரியகாந்தித் தோட்டம் எல்லாவற்றையும் கடைசிக்கு வைத்துவிடுங்கள். பின்னாலிருந்து வாருங்கள்.

முதலில் தணிக்கையாளர் அறிக்கை. அதற்கு ஒரு பின்னிணைப்பு உண்டு, நாங்கள் கேரோ என்போம். கேரோ 2020 வந்தபின் ஒரு கேள்விக்குத் தணிக்கையாளர் கட்டாயம் பதில் எழுத வேண்டும். நிறுவனம் 5 கோடிக்கு மேல் வங்கியில் நடைமுறை மூலதன (அன்றாடத் தொழில் செலவுக்கான) கடன் வரம்பு வாங்கியிருந்தால், காலாண்டுதோறும் வங்கிக்குக் கொடுத்த சரக்கு, பாக்கிக் கணக்கு நிறுவனத்தின் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. வங்கிக்கு ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்றால் அங்கே ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். பத்து முறை வாசித்தவர்கள்கூட இந்த அட்டவணையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு ஆண்டறிக்கையிலேயே மிக முக்கியமான அரைப் பக்கம் அதுதான்.

அடுத்தது குறிப்புகள். மூன்று குறிப்பு போதும், ஆரம்பத்துக்கு.

ஒன்று, வாடிக்கையாளர் பாக்கி. 2021-22 நிதியாண்டிலிருந்து பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று சட்டம். ஆறு மாதத்துக்கு உள்ளே எவ்வளவு, ஒரு வருடம், இரண்டு, மூன்று, அதற்கும் மேல் எவ்வளவு என்று இருக்கும். மூன்று வருடம் வராத பணம் இனி வருமா என்பதை ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

இரண்டு, தொடர்புடைய தரப்புகளோடு நடந்த பரிவர்த்தனை. புரமோட்டரின் (நிறுவனத்தைக் கையில் வைத்து நடத்தும் முதன்மை உரிமையாளர்) மனைவி, தம்பி, மைத்துனர் நடத்தும் நிறுவனங்களுக்கு எவ்வளவு கடன், வாடகை, கொள்முதல் போயிருக்கிறது என்று பெயரோடு இருக்கும்.

மூன்று, கையிலும் வங்கியிலும் உள்ள பணம். இதை இதர வருமானத்தில் உள்ள வட்டியோடு ஒப்பிடுங்கள். நூறு கோடி டெபாசிட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வட்டி ஒரு கோடி மட்டும் காட்டினால் கேள்வி வர வேண்டும். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனம் நினைவிருக்கும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வராத வட்டி 376 கோடியையும் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். ஆக, வட்டி சரியாக இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் வட்டியும் பொருந்தவில்லை என்றால் மேலே படிக்கவே வேண்டாம்.

அதே சத்யத்துக்குப் பிறகுதான் புரமோட்டர் எத்தனை பங்கை அடகு வைத்திருக்கிறார் என்பதைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று 2009 ஜனவரியிலேயே செபி விதி கொண்டுவந்தது. இன்று அந்தத் தகவல் பிஎஸ்இ, என்எஸ்இ தளத்தில் ஒரு சொடுக்கில் கிடைக்கிறது.

பொள்ளாச்சி_மணி | ஞாயிறு, இரவு 9:30

சார், உங்கள் பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன். நிலா மேடம் சொன்ன கூட்டலை முடித்துவிட்டேன். பத்து வருட நிகர லாபம் 61 கோடி. தொழிலிலிருந்து வந்த பணம் 9 கோடி. இரண்டு முறை சரிபார்த்தேன். பாக்கி வசூலாகும் நாள் பத்து வருடத்துக்கு முன் 68, இப்போது 191.

இத்தனை காலம் விலைக்கும் ஒரு பங்கு லாபத்துக்கும் உள்ள விகிதம் 9 என்பதை மட்டும் பார்த்து மலிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடவள்ளி_ரகு | ஞாயிறு, இரவு 10:02

மலிவு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பலர் 12 ரூபாய் பங்கை மலிவு என்றும் டயர் செய்யும் எம்ஆர்எஃப் பங்கை விலை அதிகம் என்றும் நினைக்கிறார்கள். எம்ஆர்எஃப் மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான் வெளியிட்டிருக்கிறது. அதனால்தான் ஒரு பங்கு லட்சத்தைத் தாண்டியது. பங்கின் விலையை விட்டுவிட்டு மொத்தச் சந்தை மதிப்பைப் பாருங்கள்.

கும்பகோணம்_வெங்கி | திங்கள், காலை 6:35

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. கடன் பிரிவில்தான் பாதி சர்வீஸ். தணிக்கைக்காரர் மூன்றாவதாகச் சொன்ன ரேட்டிங் அறிக்கையைப் பற்றி அவர் எழுதவில்லை, அதை நான் எழுதுகிறேன்.

நிறுவனம் வங்கியில் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் கிரிசில், இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் இவற்றில் ஒன்று அதற்கு ரேட்டிங் கொடுத்திருக்கும். அந்தந்தத் தளத்தில் நிறுவனப் பெயரைத் தேடினால் நாலைந்து பக்க விளக்கம் இலவசமாகக் கிடைக்கும். பங்குத் தரகர்கள் எழுதும் அறிக்கை எவ்வளவு ஏறும் என்று பேசும். ரேட்டிங் அறிக்கை, கொடுத்த கடன் திரும்பி வருமா என்று பேசும். எங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். வங்கியில் உள்ள கடன் வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறார்கள், அடுத்த வருடம் கட்ட வேண்டிய தவணை எவ்வளவு, எந்த வாடிக்கையாளரை அதிகம் நம்பியிருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். ஆண்டறிக்கையில் இதைத் தேடி எடுக்க நாள் முழுக்க ஆகும்.

ஒரு சொல்லை மனதில் வையுங்கள் தம்பி. ரேட்டிங்குக்குப் பக்கத்தில் "நிறுவனம் ஒத்துழைக்கவில்லை" என்று போட்டிருந்தால், கேட்ட தகவலைத் தரவில்லை என்று பொருள். கடன் வாங்கிக் கட்டுகிறவன் ரேட்டிங்காரரைத் தவிர்க்க மாட்டான்.

சூரிய மின்சாரம், மின்வண்டித் தொழிலில் இருந்த ஜென்சால் இன்ஜினியரிங் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச் தொடக்கத்தில் கேரும் இக்ராவும் அடுத்தடுத்து அதன் ரேட்டிங்கை 'டி' என்று கீழே இறக்கின. 'டி' என்றால் தவணை தவறிவிட்டது. கடனை ஒழுங்காகக் கட்டுவதாகத் தன்னிடம் காட்டிய ஆவணங்கள் போலியாகத் தெரிகின்றன என்று இக்ரா சொன்னது. செபியின் இடைக்கால உத்தரவு வந்தது ஏப்ரல் 15. இடையில் ஒன்றரை மாதம். அறிக்கையைப் படித்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைத்தது.

அந்த உத்தரவு செபி தளத்திலேயே இருக்கிறது, அதைக் கட்டாயம் படியுங்கள். ஜனவரியில் 30,000 மின்வண்டிகளுக்கு முன்பதிவு வந்திருப்பதாக நிறுவனம் அறிவித்தது. செபி பார்த்தபோது அவை விலையோ டெலிவரி தேதியோ இல்லாத விருப்பக் கடிதங்கள். என்எஸ்இ அதிகாரி ஒருவர் புனே அருகே உள்ள ஆலைக்கு நேரில் போனார். இரண்டு மூன்று தொழிலாளிகள்தான் இருந்தார்கள், உற்பத்தி நடக்கவில்லை. முந்தைய பன்னிரண்டு மாத மின்கட்டணத்தைக் கேட்டார். ஆக அதிகமான மாத பில் சுமார் 1.57 லட்சம். கார் செய்யும் ஆலைக்கு இவ்வளவுதான் கரண்டா என்பதே கேள்வி. நாங்கள் கடன் கொடுக்கும்போது ஆலைக்குப் போய் மின்சார பில்லைத்தான் முதலில் கேட்போம். அதே பழக்கம்.

வங்கிப் பங்குகளுக்கு வழி வேறு. சிட்டி யூனியனோ கரூர் வைஸ்யாவோ, எதுவானாலும் வாராக் கடன், புதிதாக வாராக் கடனாக மாறியது எவ்வளவு, வட்டி லாப விகிதம், குறைந்த வட்டி டெபாசிட் எவ்வளவு என்று பாருங்கள். ஒவ்வொரு வங்கியின் தளத்திலும் பேசல் (வங்கிகளுக்கான சர்வதேச மூலதன விதி) விதிப்படியான வெளியீடு காலாண்டுதோறும் இருக்கும். ஆண்டறிக்கைக் குறிப்பில் ரிசர்வ் வங்கி கண்டுபிடித்த வேறுபாடு என்று ஒரு பத்தி வந்தால் அதை விடாதீர்கள். யெஸ் வங்கி 2016 மார்ச்சில் வாராக் கடன் 749 கோடி என்று காட்டியது. ரிசர்வ் வங்கி கணக்கிட்டது 4,926 கோடி. அது 2016-17 ஆண்டறிக்கையில் அச்சாகியே வந்தது. பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதித்து வங்கிக்குத் தடை வந்தது 2020 மார்ச் 5 அன்று.

வட்டமலை | திங்கள், மதியம் 1:15

டூவீலர் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வேலை. எங்களுக்கு ஆர்டர் வருமா என்று பார்க்கவே தினமும் வாகன் தளத்தைத் திறப்பேன். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம். எந்த நிறுவனத்தின் வண்டி எந்த மாநிலத்தில் எத்தனை பதிவானது என்று நாள் பிசகாமல் தெரியும். ஒன்றாம் தேதி நிறுவனங்கள் வெளியிடும் விற்பனை எண்ணிக்கை, டீலருக்கு அனுப்பிய வண்டி. வாகனில் இருப்பது நம்மைப் போன்றவர் வாங்கிப் பதிவு செய்த வண்டி. இரண்டுக்கும் இடைவெளி மாதக்கணக்கில் விரிந்தால் டீலரிடம் வண்டி தேங்கி நிற்கிறது.

2025 பிப்ரவரியில் ஓலா எலக்ட்ரிக் 25,000-க்கு மேல் விற்றதாகச் சொன்னது. வாகனில் பதிவானது சுமார் 8,600. பதிவு செய்யும் ஏஜென்சிகளோடு ஒப்பந்தத்தை மாற்றுவதால் தாமதம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. விளக்கம் சரியா தவறா என்பது தனி. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தவர்களுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தது. (தெலங்கானா கணக்கு நீண்ட காலம் வாகனில் சேராமலே இருந்தது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இதே மாதிரி அரசுத் தளங்கள் இன்னும் உண்டு. பரிவேஷ் தளத்தில் சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் இருக்கும். ரசாயனம், சிமென்ட் ஆலை விரிவாக்கம் என்றால் எந்தச் சர்வே எண், எத்தனை டன் என்பது வரை அதில் வரும். வருங்கால வைப்பு நிதித் தளத்தில் நிறுவனத்தைத் தேடும் வசதி இருக்கிறது. எந்த மாதம் எத்தனை பேருக்குப் பிஎஃப் கட்டினார்கள் என்று பார்க்கலாம். நான் ஒருமுறை வாங்க நினைத்த நிறுவனம் தன் விளக்கக் காட்சியில் 800 பேர் வேலை செய்வதாகப் போட்டிருந்தது. பிஎஃப் கட்டியது 63 பேருக்கு. ஒப்பந்தத் தொழிலாளிகள் வேறு பெயரில் இருக்கலாம் என்று தேடிப் பார்த்தேன், அப்படியும் 140-ஐத் தாண்டவில்லை. வாங்கவில்லை.

சார்ட்_செல்வம் | திங்கள், மாலை 6:20

பிஎஃப் தளத்தில் இப்படிப் பார்க்கலாம் என்பது எனக்குப் புதிது. என் பட்டியலில் உள்ள மூன்று பங்குகளுக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சூலூர்_கார்த்தி | திங்கள், இரவு 8:44

டெலிகிராம் குழுவில் தினமும் ஒரு ஸ்மால்கேப் (சின்ன நிறுவனப் பங்கு) சொல்கிறார்கள். சொன்னதும் ஏறவும் செய்கிறது. அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாமா அண்ணா?

தணிக்கைக்காரர் | திங்கள், இரவு 9:10

வேண்டாம் தம்பி. அறிவுரை சொல்கிறவரின் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐஎன்எச் என்று தொடங்கும், ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ. அந்த எண்ணை செபி தளத்தில் தட்டினால் பெயர் வர வேண்டும். அவர் அனுப்பும் படத்தில் எண் இருந்தால் போதாது, தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள்.

சாதனா பிராட்காஸ்ட் என்ற நிறுவனத்தைப் பற்றி 2022-இல் யூடியூபில் பொய்த் தகவலோடு காணொளிகள் வந்தன. பங்குதாரர் எண்ணிக்கை 2,167-லிருந்து 55,343 ஆனது. காணொளியைப் பார்த்து இத்தனை பேர் வாங்கியபோது விற்றது யார் என்பதை 2023 மார்ச்சில் வந்த செபி உத்தரவில் படிக்கலாம். ஸ்க்ரீனரில் பங்குதாரர் பட்டியலின் கடைசி வரி எத்தனை பேர் என்று காட்டும். ஒரு காலாண்டில் சின்ன நிறுவனத்தின் பங்குதாரர்கள் பல மடங்காகி, அதே காலாண்டில் புரமோட்டர் பங்கு குறைந்திருந்தால், தொடாதீர்கள்.

டல்லாஸ்_தமிழன் | செவ்வாய், காலை 7:02

அமெரிக்கப் பங்குகள் வைத்திருப்பவர்களும் இங்கே இருப்பீர்கள். அங்கே எல்லாம் எட்கர் என்ற ஒரே அரசுத் தளத்தில். ஆண்டறிக்கைக்கு 10-கே, காலாண்டுக்கு 10-க்யூ, திடீர் நிகழ்வுக்கு 8-கே. நிர்வாகிகள் சொந்தப் பங்கை வாங்கினாலும் விற்றாலும் இரண்டு வேலை நாளுக்குள் படிவம் 4. ஒரு சொல்லைக் கொடுத்து 2001-லிருந்து உள்ள எல்லா ஆவணங்களிலும் தேட முடியும். இந்தியாவிலும் இப்படி ஒரு தேடல் வந்துவிட்டால் மணி சார் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

சூலூர்_கார்த்தி | செவ்வாய், காலை 8:30

ஆண்டறிக்கையை ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் ஆகாதா?

நிலா_சென்னை | செவ்வாய், காலை 9:05

நான் செய்கிறேன், ஆனால் சுருக்கத்துக்காக இல்லை. தொடர்புடைய தரப்புக்குக் கொடுத்த கடன் எந்தப் பக்கம், பாக்கி வயது அட்டவணை எந்தப் பக்கம் என்று பக்க எண் மட்டும் கேட்பேன். பிறகு அந்தப் பக்கத்தை நானே திறந்து படிப்பேன். ஒருமுறை அது லட்சத்தையும் கோடியையும் மாற்றிச் சொன்னது. பக்கத்தைத் திறக்காமல் இருந்திருந்தால் நூறு மடங்கு தப்பான எண்ணை வைத்து முடிவெடுத்திருப்பேன். கான்கால் எழுத்து வடிவத்தையோ முழுசாகவே படிப்பேன். யாராவது ஒருவர் கேட்ட கேள்விக்கு நிர்வாகம் நேராகப் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போகும் இடம் சுருக்கத்தில் வராது.

பொள்ளாச்சி_மணி | சனி, மாலை 5:15

ஒரு வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் உட்கார்ந்து படித்தேன். கண்டதை எழுதுகிறேன்.

பாக்கி மொத்தம் 54 கோடி. அதில் மூன்று வருடத்துக்கு மேல் வராதது 17 கோடி, வராமல் போனால் என்று லாபத்திலிருந்து ஒதுக்கி வைத்தது 2 கோடிதான். கேரோவில் நீங்கள் சொன்ன அட்டவணை இருந்தது சார். மார்ச் காலாண்டுக்கு வங்கியிடம் காட்டிய சரக்கு, புத்தகத்தில் உள்ளதைவிட 6 கோடி அதிகம். காரணம் என்று எழுதியிருப்பது "தற்காலிகக் கணக்கீடு". ரேட்டிங் நிறுவனத்தின் தளத்தில் வெங்கி ஐயா சொன்ன அதே சொல், "ஒத்துழைக்கவில்லை", எட்டு மாதமாக.

தொடர்புடைய தரப்புக் குறிப்பில், நிர்வாக இயக்குநரின் தம்பி நடத்தும் நிறுவனத்துக்கு 11 கோடி கடன். வட்டி என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும்.

மனைவிக்கு இப்போது விளக்கிச் சொல்ல முடிந்தது. நெசவு இயந்திரத்துக்கு உதிரிபாகம் செய்து விற்கிறார்கள், விற்றதற்குப் பணம் வாங்குவதில்லை, வந்த பணத்தைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். மூன்றில் இரண்டு பங்கைப் புதன்கிழமை விற்றுவிட்டேன். மீதியைக் கொஞ்ச நாள் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம், காணொளி வழியாக. பேச விரும்பும் பங்குதாரர் முன்கூட்டி மின்னஞ்சலில் பெயர் கொடுக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கிறது. அந்த 11 கோடி எப்போது திரும்பி வரும் என்று கேட்கப் போகிறேன். கேள்வியை எப்படி அமைப்பது?

தணிக்கைக்காரர் | சனி, மாலை 6:00

நன்றாகப் படித்திருக்கிறீர்கள் வாத்தியாரே. எப்போது வரும் என்று மட்டும் கேட்டால் "விரைவில்" என்று முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள். நிறுவனங்கள் சட்டம் பிரிவு 186(7)-இன்படி, கொடுக்கும் கடனுக்கு அதே கால அளவுள்ள அரசுப் பத்திரத்தின் வருவாய் விகிதத்தைவிடக் குறைந்த வட்டி வாங்கக் கூடாது. இந்தக் கடனுக்கு எந்த விகிதத்தில் வட்டி, இந்த வருடம் எவ்வளவு கையில் வந்தது, வரவில்லை என்றால் தணிக்கைக் குழு எந்தக் கூட்டத்தில் இதை ஒப்புக்கொண்டது? குறிப்பு எண்ணையும் பக்க எண்ணையும் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். கம்பெனி செக்ரட்டரிக்கு எழுத்தில் அனுப்பி, பதிலும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.

கும்பகோணம்_வெங்கி | சனி, மாலை 6:20

மின்னஞ்சலில் டீமேட் கணக்கு எண்ணை மறக்காதீர்கள் தம்பி. அது இல்லையென்றால் அதையே காரணம் காட்டி விட்டுவிடுவார்கள்.

பொள்ளாச்சி_மணி | சனி, இரவு 8:40

பிரிவு எண், குறிப்பு எண், பக்கம் 143, டீமேட் எண் எல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டேன். பேச்சாளர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்ததாகத் தானியங்கிப் பதிலும் வந்துவிட்டது. கூட்டம் 24-ஆம் தேதி காலை 11 மணிக்கு. பள்ளி நேரம்தான், அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுக்கப் போகிறேன்.